கிண்ணம் கறுத்தது வெள்ளியின் குற்றமல்ல

வாசகர் கேள்வி: என்னிடம் இரண்டு வெள்ளிக் கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாவுடையது, விளிம்புக்குக் கீழே அவர் பெயர் செதுக்கியிருக்கும். மற்றொன்று இரண்டு வருடத்துக்கு முன் நான் வாங்கியது. அடியில் 925 என்று முத்திரை. புதியது பத்திரமாக இருக்கட்டும் என்று கம்பளித் துணியில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு, மர அலமாரியில் வைத்தேன். அம்மாவின் கிண்ணம் பழைய பருத்தித் துணியில் அதே தட்டில் இருந்தது. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் புதியது கறுத்துப்போயிருந்தது, நடுவில் வளையம் போட்டதுபோல ஒரு கோடு வேறு. அம்மாவுடையது லேசாக மஞ்சள் பூத்ததோடு சரி. பற்பசை போட்டுத் தேய்த்தேன், முழுதாகப் போகவில்லை. பிறகு அலுமினியத் தாள், சமையல் சோடா, உப்பு, வெந்நீர் வைத்துச் சுத்தம் செய்தேன். கறுப்பு போனது, ஆனால் பளபளப்பு இல்லை, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. முன்போலவே சுற்றி வைத்தேன். இரண்டே வாரத்தில் மறுபடி பழுப்பேறி, அதே இடத்தில் அதே வளையம். அடிவளையம் ஒட்டியிருக்கும் இடுக்கில் பச்சைப் புள்ளிகளும் தெரிகின்றன. எனக்குப் போலியை விற்றுவிட்டார்களா? அம்மாவின் கிண்ணத்தையும் அந்தச் சோடா நீரில் போட்டு எடுக்கலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் கிண்ணத்தைச் சோடா நீரில் போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை அதைத் துடைக்கக்கூட வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். பழைய உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் எத்தனையோ வெள்ளிச் சாமான்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. கறுத்ததால் கெட்டது என்று நான் சொல்லக்கூடியவை அவற்றில் மிகக் குறைவு. கறுப்பை எடுக்கப்போய்க் கெட்டவைதான் அதிகம்.

போலியா என்ற கேள்விக்கு வருவோம். கறுத்துப்போனதை வைத்து அதை முடிவு செய்ய முடியாது. தூய வெள்ளியும் கறுக்கும், 925-ம் கறுக்கும், செம்பின்மேல் பூசிய வெள்ளி முலாமும் கறுக்கும். ஜெர்மன் சில்வர் என்ற பெயரில் வருவதில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. அதுவும் நாள்பட மங்கும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே எடையைக் கொண்டு சோதிக்கலாம். ஒரு பாத்திரத்தில் நீர் ஊற்றி, கிராம் காட்டும் தராசின்மேல் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். கிண்ணத்தை மெல்லிய நூலில் கட்டி, பாத்திரத்தின் பக்கத்திலோ அடியிலோ படாமல், நீருக்குள் முழுதாக அமிழும்படி தொங்கவிடுங்கள். அடிவளையத்துக்குள் காற்றுக் குமிழி மாட்டியிருந்தால் சாய்த்து வெளியேற்றிவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எண், கிண்ணம் விலக்கிய நீரின் எடை. கிண்ணத்தின் எடையை அதனால் வகுத்தால் 925 வெள்ளிக்குச் சுமார் 10.4 வரவேண்டும். 207 கிராம் கிண்ணம் 20 கிராம் நீரை விலக்கினால் சரி. 23, 24 கிராம் விலக்கினால் உள்ளே இருப்பது செம்போ ஜெர்மன் சில்வரோ. கிண்ணத்தில் மூடிய வெற்றிடம் ஏதும் இருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது. சோதனை முடிந்ததும் இடுக்குகளை நன்றாக உலர்த்த மறக்காதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆனாலும் உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களைப் பார்த்தால் எனக்குக் கடைக்காரர்மேல் சந்தேகம் வரவில்லை. கம்பளித் துணிமேலும் ரப்பர் பேண்டுமேலும்தான் வருகிறது.

மறுபடி வந்திருக்கும் அந்த வளையத்தைத் துடைக்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கையில் ஒரு லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. நட்டநடுவில் கறுப்பு. அதை ஒட்டி மேலும் கீழும் நீலச் சாயல். அதற்கு அடுத்து ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் வைக்கோல் நிற மஞ்சளாக மங்கி மறையும். நீரில் எண்ணெய் படலமாகப் பரவும்போது வண்ணம் காட்டுமே, அதே காரணம்தான் இங்கேயும். வெள்ளியின்மேல் படிந்திருக்கும் படலம் இடத்துக்கு இடம் கனம் மாறுகிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலந்து, கனத்துக்கு ஏற்ப நிறம் காட்டுகின்றன. மஞ்சள் தெரியும் இடத்தில் படலம் மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரை லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவு. கறுப்பான இடத்தில் அதைப்போலப் பல மடங்கு. ஆக, அந்த வளையம் ஒரு வரைபடம். கந்தகம் எங்கிருந்து வந்தது, எவ்வளவு தூரம் எட்டியது என்பதை அது அப்படியே வரைந்து காட்டுகிறது. துணியைத் தாண்டியும் வந்திருக்கிறது பாருங்கள்.

ரப்பர் நெகிழ்ந்து மீள்வதற்குக் காரணமே கந்தகம். சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்த வழி அது: ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் இழைகளைக் கந்தகம் குறுக்கே பிணைக்கிறது. பிணையாமல் மிஞ்சுகிற கந்தகம் சிறுகச் சிறுக வெளியே வந்துகொண்டே இருக்கும். கம்பளியின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஆட்டு முடியாகட்டும், நம் தலைமுடியாகட்டும், கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கம்பளியின் எடையில் 3 முதல் 4 சதவீதம் கந்தகம். நீங்கள் மென்மையாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்த துணி, வெள்ளிக்கு வாய்த்த மிக மோசமான துணிகளில் ஒன்று. இதற்காக வருந்தாதீர்கள். வெள்ளி வைக்கும் பெட்டிகளுக்கே கம்பளி ஃபெல்ட் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி, என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெள்ளிக்கு ஆக்ஸிஜனோடு பெரிய ஒட்டுறவு இல்லை. இரும்பு துருப்பிடிப்பதுபோல, சாதாரண வெப்பத்தில் அது காற்றின் ஆக்ஸிஜனால் மட்டும் கெடாது. கந்தகம் என்றால் நிலைமை வேறு. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு வெள்ளிமேல் பட்டால், காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் ஈரமும் துணைசெய்ய, வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. ஈரத்தின் பங்கு பெரியது. நாம் உலர்ந்தது என்று நினைக்கும் வெள்ளிப் பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒட்டியிருக்கிறது; வாயு அதில் கரைந்துதான் வேலையைத் தொடங்குகிறது. காற்றில் ஈரப்பதம் ஏற ஏற அந்தப் படலமும் கனக்கும். அழுகிய முட்டை நாற்றமெல்லாம் அடிக்க வேண்டியதில்லை. நம் மூக்கு உணராத அளவே வெள்ளிக்குப் போதும். கந்தக மூலமே இல்லாத அறையிலும் வெளிக்காற்றோடு கார்பனைல் சல்ஃபைடு என்ற வாயு வருகிறது. நூறு கோடிப் பங்கு காற்றில் அது அரைப் பங்குதான், ஆனாலும் வருடக்கணக்கில் வெள்ளியை மங்கவைக்கும். எரிபொருள் புகையில் வரும் சல்ஃபர் டையாக்சைடுமேல் பலர் பழி போடுகிறார்கள். வெள்ளியைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் முன் அது சிறிய ஆள்.

அலுமினியத்தின்மேல் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, கதவை அடைத்ததுபோல உள்ளே இருப்பதைக் காக்கும். வெள்ளி சல்ஃபைடு அப்படிக் காப்பதில்லை. அதன் ஊடே வெள்ளி அயனிகள் எளிதாக நகர்ந்து மேலே வருகின்றன. மேலே காத்திருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து படலம் வளர்ந்துகொண்டே போகிறது. (இந்தக் கறுப்புப் பொருளுக்குத் தனிப் பெருமையும் உண்டு. சூடாக்கினால் அதில் மின்சாரம் இன்னும் நன்றாகப் பாய்கிறது என்று மைக்கேல் ஃபாரடே 1833-ல் பதிவு செய்தார். உலோகங்களில் இது நேர்மாறாக நடக்கும். குறைக்கடத்திகளைப் பற்றிய மிகப் பழைய அவதானிப்புகளில் ஒன்று அது.)

பார்க்க அச்சமூட்டும் இந்தக் கறுப்பில் எவ்வளவு வெள்ளி போயிருக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் கிண்ணத்தின் உள்ளும் புறமும் சேர்த்து 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படலத்தின் கனம் எங்கும் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளி சல்ஃபைடின் அடர்த்தி சுமார் 7.2, அதன் எடையில் 87 சதவீதம் வெள்ளி. பெருக்கினால் கிண்ணம் முழுவதிலும் வெள்ளி சல்ஃபைடாக மாறியிருப்பது ஏறத்தாழ 12 முதல் 13 மில்லிகிராம் வெள்ளி. ஒரு கிராமில் எண்பதில் ஒரு பங்கு! இன்னொன்றையும் கவனியுங்கள்: துணியில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வருவது அழுக்கு அல்ல, பெரும்பகுதி உங்கள் வெள்ளியேதான். கறுப்போடு நிற்காமல் அடியில் இருக்கும் நல்ல வெள்ளியையும் சுரண்டி எடுக்கும் பொடியையோ பசையையோ போட்டுத் தேய்த்தால், கந்தகம் தின்றதைப்போலப் பல மடங்கை நம் கை தின்றுவிடுகிறது. பற்பசையில் இருக்கும் சிலிக்கா துகள் வெள்ளியைவிடக் கடினமானது. உங்கள் கிண்ணத்தை லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடியிருப்பது தெரியும்.

சரி, புதியது வேகமாகக் கறுத்ததற்குத் துணி மட்டும்தான் காரணமா? முக்கியக் காரணம் அதுதான். ஆனால் 925 என்ற எண்ணுக்கும் பங்கு இருக்கலாம். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. தூய வெள்ளி மென்மையானது, கிண்ணம் எளிதில் நசுங்கிவிடும். உறுதிக்காகச் செம்பைச் சேர்க்கிறார்கள். உருகிய நிலையில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆறும்போது அந்த நட்பு நிலைப்பதில்லை. 780 டிகிரி அளவில் திட வெள்ளி தனக்குள் 8.8 சதவீதம்வரை செம்பை வைத்துக்கொள்ளும். அறை வெப்பத்துக்கு வரும்போது ஒரு சதவீதத்தைக்கூடத் தாங்காது. மிஞ்சிய செம்பு தனித் துணுக்குகளாகப் பிரிகிறது. மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் வெளிர்ந்த வெள்ளித் தரையில் செம்புப் புள்ளிகள் தூவியதுபோல இருக்கும்.

அடுத்தடுத்து இரண்டு உலோகங்கள், மேலே ஈரப்படலம், அதில் கரைந்த உப்பு அல்லது வாயு. சின்ன மின்கலம் ஒன்றுக்கு வேறென்ன வேண்டும்? செம்பு தன் எலெக்ட்ரான்களை வெள்ளியைவிட எளிதாக இழக்கும் உலோகம். ஆகவே முதலில் அரிபடுவது அதுதான். செம்பின் ஆக்சைடும் சல்ஃபைடும் வெள்ளி சல்ஃபைடோடு கலந்து படிகின்றன. அதனால்தான் ஈரம் உள்ள இடங்களில் செம்பு கலந்த வெள்ளி, தூய வெள்ளியைவிடப் பெரும்பாலும் சீக்கிரம் மங்குகிறது. அம்மாவின் கிண்ணத்தில் செம்பு குறைவாக இருக்கிறதோ என்னவோ, பார்க்காமல் சொல்ல முடியாது. செம்பில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஜெர்மானியம் சேர்த்த 925 கலவைகளும் உண்டு. ஜெர்மானியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடாக நின்று கந்தகத்தைத் தாமதப்படுத்துகிறது. தாமதப்படுத்துகிறது என்றுதான் சொல்வேன். கறுக்கவே கறுக்காத வெள்ளிக் கலவையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பச்சைப் புள்ளிகள் எனக்குக் கறுப்பைவிட அதிகக் கவலை தருகின்றன. கறுப்பு மேலோட்டமானது, பச்சை, உலோகம் உள்ளே அரிபடுவதன் அடையாளம். அடிவளையத்தைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்திருப்பார்கள். அந்தப் பொடி, கிண்ணத்தின் உலோகத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்காக அதில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும். நீங்கள் சோடாவோடு உப்பும் போட்டிருக்கிறீர்கள். அந்த உப்பு நீர் இடுக்கில் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. வெளியே துடைத்து உலர்த்தினாலும் இடுக்கு உலராது. உப்பிலிருக்கும் குளோரைடு, செம்பு மிகுந்த பற்றிடத்தைத் தின்னத் தொடங்கியிருக்கிறது. இதை அப்படியே விட்டால் ஒரு நாள் வளையம் கையோடு வந்துவிடும்.

அந்தச் சோடாக் குளியல் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் கிண்ணம் ஏன் சுண்ணாம்பு நிறமானது என்பதும் புரியும். அலுமினியம் எலெக்ட்ரான்களைத் தாராளமாகக் கொடுக்கும் உலோகம். சூடான சோடா நீரில் வெள்ளியும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும்போது, வெள்ளி சல்ஃபைடில் இருக்கும் வெள்ளி அயனிகள் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு மறுபடி வெள்ளியாகின்றன. கந்தகம் நீரில் இறங்குகிறது. அப்போது அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்திருக்குமே, போகிற கந்தகத்தின் வாசம்தான் அது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது: தேய்மானம் இல்லை, இழந்த வெள்ளியும் திரும்ப வருகிறது. திரும்ப வருவது உண்மைதான், ஆனால் பழைய இடத்தில் பழையபடி உட்காருவதில்லை. பஞ்சுபோலத் துளைத்துளையாக, பொடிப்பொடியாகப் படிகிறது. அந்தக் கரடுமுரடான பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரிகிறது. துளைகள் நிறைந்ததால் காற்று படும் பரப்பும் கூடிவிடுகிறது. அடுத்த முறை கறுக்க இன்னும் வசதி. அந்த நிலையில் அதே கம்பளியில் சுற்றினீர்கள். இரண்டு வாரம் பிடித்ததே அதிகம்.

கடைகளில் கிடைக்கும் ‘முக்கியெடுக்கும் திரவம்’ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்து யாராவது அதைத்தான் உங்களுக்குச் சொல்வார்கள். பெரும்பாலானவற்றில் அமிலமும் தயோயூரியா என்ற வேதிப்பொருளும் இருக்கும். கறுப்பைக் கண்ணெதிரே கரைத்துவிடும்.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், ஒரு சிறு வெள்ளிப் பேழையின் மூடியை அப்படி ஒரு திரவத்தில் முக்கினேன். மூடி முழுக்க இலைகளும் பறவையும் செதுக்கியிருந்தது. அரை நிமிடம்தான். எடுத்தபோது மூடி பால்போல இருந்தது, பறவையைக் காணோம். கோடுகள் இருந்தன, அவற்றுக்குள் இருந்த கறுப்பு போய்விட்டது. அந்தக் கறுப்பு நாள்பட்டுப் படிந்தது அல்ல, செய்தவரே உருவம் எடுப்பாகத் தெரிவதற்காகக் கந்தகச் சேர்மம் ஒன்றைத் தடவி வேண்டுமென்றே உண்டாக்கியது. (ஆக்ஸிடைஸ்டு வெள்ளி என்று விற்பதெல்லாம் இந்த வகைதான். பெயரில் ஆக்ஸிஜன் இருந்தாலும் மேலே இருப்பது சல்ஃபைடு.) மறுபடி கறுக்கவைக்க முடியும், ஆனால் அது நான் வைத்த கறுப்பு, அந்தக் கைவினைஞர் வைத்ததல்ல. பொருளின் உடைமையாளர் ஒன்றும் சொல்லவில்லை, மூடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து எந்தப் பொருளையும் திரவத்தில் முக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

உங்கள் புதிய கிண்ணத்துக்கு இப்போது செய்ய வேண்டியது இது. முதலில் பச்சை. மரப் பல்குச்சியின் நுனியைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, இடுக்கில் இருக்கும் பச்சைத் தூளை மெல்லக் கிளறி எடுங்கள். ஊசி, கத்தி எதுவும் வேண்டாம். பிறகு கிண்ணத்தை வெதுவெதுப்பான நீரில், பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் ஓரிரு துளி விட்டுக் கழுவி, காய்ச்சி வடித்த நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். இடுக்கில் இருக்கும் உப்பு வெளியேற அலசல்தான் ஒரே வழி. தலைகீழாகக் கவிழ்த்து, தலைமுடி உலர்த்தும் கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து இடுக்கு உலரும்வரை காற்று கொடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பச்சை தலைகாட்டினால் நீங்களே போராடாமல் உலோகப் பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கறுப்புக்கு வீழ்படிவு முறையில் தயாரித்த கால்சியம் கார்பனேட் தூள் போதும். ஆய்வகப் பொருள்கள் விற்கும் இடங்களில் கிடைக்கும், மிக நுண்ணியது. கரும்பலகைச் சாக்பீஸைப் பொடித்துப் போடாதீர்கள், அதில் மணல்போலக் கரடான துகள்கள் இருக்கும். தூளைக் காய்ச்சி வடித்த நீரில் நீர்த்த கூழாகக் கரைத்து, பஞ்சில் தொட்டு, விரல் அழுத்தம் இல்லாமல், ஓர் அங்குல இடமாகத் தடவிக்கொண்டு வாருங்கள். பஞ்சு சாம்பல் நிறமானதும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு எடுங்கள். பழைய பஞ்சில் ஒட்டிய துகளே கீறிவிடும். அவசரப்பட முடியாத வேலை. ஒரு கிண்ணத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். அரைகுறைப் பளபளப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோல ஆக்க வேண்டும் என்று நினைத்தால் மறுபடி வெள்ளிதான் கரையும். கையுறை போட்டுக்கொண்டால் நல்லது, விரல்ரேகையில் உள்ள உப்பும் பதிந்து அரிக்கும். ஆனால் லேடெக்ஸ் கையுறை வேண்டாம். அதுவும் கந்தகம் சேர்த்த ரப்பர்தான். நைட்ரைல் கையுறை வாங்குங்கள்.

இனி வைக்கும் இடம். என் முழு அக்கறையும் இதில்தான். கம்பளி, ஃபெல்ட், ரப்பர், செய்தித்தாள், சாயம் போட்ட துணி, அட்டைப்பெட்டி எதுவும் வெள்ளியின் அருகே வேண்டாம். சாயம் போடாத, பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் வைத்த பாலிதீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். பையோடு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், வெள்ளியைத் தொடாமல். பாலிவினைல் குளோரைடு பை, அதாவது பிளாஸ்டிக் வாடை அடிக்கும் தடித்த பை, வேண்டவே வேண்டாம். அது நாள்பட ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடும். கந்தகத்துக்குத் தப்பி குளோரைடிடம் மாட்டிய கதையாகிவிடும். நுண்ணிய வெள்ளித் துகள்களை இழைகளில் பொதித்த துணிகளும் கிடைக்கின்றன; உள்ளே வரும் கந்தகத்தைத் துணியிலிருக்கும் வெள்ளி முதலில் வாங்கிக்கொள்ளும். அருங்காட்சியகங்களில் பயன்படுகிற வழி அது, நம்பலாம். அரக்குப் பூச்சும் ரோடியம் முலாமும் பாத்திரத்துக்கு ஒத்துவராது. பூச்சில் ஊசிமுனைத் துளை விழுந்தாலும் அங்கே மட்டும் கறுத்து, மொத்தத்தையும் உரிக்க வேண்டிவரும்.

இந்தத் துணி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி 1973-ல் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. துணியோ மரமோ, சந்தேகப்படும் பொருளின் துண்டை வெள்ளி, ஈயம், செம்பு ஆகியவற்றின் மெருகேற்றிய சிறு தகடுகளோடும் கொஞ்சம் நீரோடும் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் காட்சிப் பேழைக்குள் நுழையக் கூடாது. வீட்டில் அந்த அளவு வேண்டாம். உடைந்த தோட்டின் துண்டோ அறுந்த சங்கிலியின் கண்ணியோ, வெள்ளியில் ஏதாவது ஒன்றைச் சுத்தமாக்கி, துணித் துண்டோடும் ஈரப் பஞ்சோடும் மூடி போட்ட கண்ணாடிப் புட்டியில் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பஞ்சு வெள்ளியைத் தொட வேண்டாம். பக்கத்தில் துணி இல்லாமல் இன்னொரு புட்டி, ஒப்பிட்டுப் பார்க்க. ஒரு மாதத்தில் உங்கள் கம்பளியின் யோக்கியதை உங்களுக்கே தெரிந்துவிடும்.

இதே அரிப்பு மின்னணுச் சாதனங்களிலும் நடக்கிறது என்பதால் இதை வெறும் அலங்காரப் பிரச்சினையாக நான் பார்ப்பதில்லை. மின்சுற்றுப் பலகையில் இருக்கும் மிகச் சிறிய மின்தடைகளின் முனைகளில் வெள்ளி உண்டு. கந்தகம் புகுந்து அது சல்ஃபைடாகிவிட்டால் இணைப்பு அறுந்துபோகும். கணினி அறைகளில் மெருகேற்றிய வெள்ளித் தகட்டைத் தொங்கவிட்டு, மாதத்துக்கு எவ்வளவு படலம் வளர்கிறது என்று அளக்கிறார்கள். 30 நாளில் 200 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைவாக இருந்தால்தான், அதாவது உங்கள் கிண்ணத்தில் மஞ்சள் தெரிகிற கனம் மாதிரி ஒன்றிரண்டு மடங்குக்குள் இருந்தால்தான், அந்தக் காற்று சாதனங்களுக்குப் பாதுகாப்பானது. அம்மாவின் கிண்ணத்தில் பூத்திருக்கும் மஞ்சளை அந்த வேலையில் இருப்பவர்கள் பார்த்தால், உங்கள் அலமாரிக் காற்றைப் பற்றி நல்லபடியாகவே நாலு வார்த்தை சொல்வார்கள்.

அந்த மஞ்சளை எடுக்கத்தான் வேண்டுமா? எனக்கு அவசியம் தெரியவில்லை. உணவு வைத்துச் சாப்பிடும் கிண்ணமாக இருந்தால், அன்றாடம் எடுத்துப் புழங்கி, அன்றன்றைக்கே கழுவித் துடைப்பதைவிட நல்ல பராமரிப்பு கிடையாது. முட்டையும் உப்புப் பண்டமும் மட்டும் அதில் தங்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்று மனம் சொன்னால், சொன்ன அதே சுண்ணத் தூள், அதே பஞ்சு. ஆனால் அவர் பெயர் செதுக்கிய இடத்துக்கு வந்ததும், பருத்தித் துணியைச் சப்பையான அழிப்பான் கட்டைபோல மடித்து, எழுத்துக்களின் மேல்விளிம்பை மட்டும் ஒற்றி எடுங்கள். பஞ்சு நுனியும் பல்குச்சியும் கோட்டுக்குள் இறங்கக் கூடாது. எழுத்தின் பள்ளத்தில் கறுப்பு நிற்கட்டும். அதனால்தான் அந்தப் பெயர் இன்னும் தெளிவாக வாசிக்கக் கிடைக்கிறது.